நாற்பது வயதில் வக்கீலுக்கு எம்.பி.ஏ.: ஒரு வருடமா, வார இறுதியா?

பதினைந்து வருடம் வக்கீல் தொழிலில் இருந்துவிட்டு நிர்வாகப் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் தேடுவது கல்லூரிகளின் தரவரிசையை. அதை அப்புறம் பார்க்கலாம். ஒரு வருடம் வழக்குக் கட்டுகளை வேறு கையில் ஒப்படைத்துவிட்டுப் போக முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி வழக்கமான இரண்டு வருட எம்.பி.ஏ. படிப்பில் சேர வயது தடையில்லை. ஆனாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்களைத் தேடியே வருகின்றன.

ஒரு வருட முழுநேரப் படிப்புகளில் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பி.ஜி.பி.எக்ஸ்., பெங்களூரின் இ.பி.ஜி.பி., கொல்கத்தாவின் எம்.பி.ஏ.எக்ஸ்., ஹைதராபாத்திலும் மொஹாலியிலும் நடக்கும் ஐ.எஸ்.பி.யின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) பி.ஜி.பி. ஆகியவை முக்கியமானவை. ஐ.எஸ்.பி. கேட்பது 2 வருட அனுபவம்தான். அதனால் வகுப்பில் பெரும்பாலோர் முப்பதைத் தொடாதவர்கள். அகமதாபாத் 4 வருடமும் பெங்களூரு, கொல்கத்தா 5 வருடமும் கேட்கின்றன. நாற்பதை நெருங்கும் வக்கீல் இந்த மூன்றில்தான் அதிகம் ஒட்டுவார். செலவு கனமானது. அகமதாபாத்துக்கும் ஐ.எஸ்.பி.க்கும் கட்டணமே 30 லட்சத்தைத் தாண்டும், அந்த வருட வருமானமும் போய்விடும்.

வார இறுதிப் படிப்பு என்றால் பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் பி.ஜி.பி.இ.எம்., திருச்சி ஐ.ஐ.எம். சென்னையில் நடத்தும் பி.ஜி.பி.பி.எம். போன்றவை. கம்பெனியின் சட்டப் பிரிவில் சம்பளத்துக்கு இருப்பவருக்கு இவை நன்றாகப் பொருந்தும். அதே கம்பெனியில் வியாபாரப் பக்கம் நகர இந்தப் படிப்பு போதும், சம்பளமும் நிற்காது. கோர்ட்டில் தொழில் செய்பவருக்கு நிலைமை வேறு. கட்சிக்காரர்கள் ஆபீசுக்கு வந்து உட்காருவது சனி, ஞாயிறில்தான். திங்கட்கிழமை கேஸுக்கான தயாரிப்பும் அப்போதுதான் நடக்கும். தொழிலைக் காப்பாற்றத்தானே வார இறுதிப் படிப்பு? அதுவே தொழிலின் முக்கியமான நேரத்தை எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, வார இறுதிப் படிப்புகள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கானவை. படித்து முடித்ததும் புது வேலை தேடித் தரும் ஏற்பாட்டை அங்கே நம்ப முடியாது.

ஆகவே, சட்டத்தை முழுதாக விட்டு வெளியேற வேண்டும் என்றால் பணம் வலித்தாலும் ஒரு வருடப் படிப்புதான் என்பேன். சட்டத்தோடு வியாபாரத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும் என்பவருக்கு வார இறுதி.

இந்தப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஜி.ஆர்.இ. அல்ல, ஜிமேட். இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். இலக்கணத் திருத்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். ஆங்கிலப் பகுதியில் மிஞ்சியது பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதும் வாதத்தை ஆராய்வதும்தான். ஒரு வாதம் எந்த அனுமானத்தில் நிற்கிறது, எதைச் சொன்னால் அது உடையும் என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பு மனுவைப் படிக்கும்போது வக்கீல் தினமும் செய்யும் வேலை இது. ஜி.ஆர்.இ.யில் அரிய சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அங்கே கணக்குக்குக் கால்குலேட்டர் தருவார்கள், ஆனால் வடிவியலும் உண்டு. ஜிமேட் கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, வடிவியலும் இல்லை. பிளஸ் டூவோடு கணக்கை விட்டவர் சில மாதங்கள் தினமும் உட்கார வேண்டும். இரண்டு தேர்வின் மதிப்பெண்ணும் 5 வருடம் செல்லும். எனவே விண்ணப்பிக்க முடிவெடுக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பரிந்துரைக் கடிதத்தில் சுயமாகத் தொழில் செய்பவர் திணறுவார், மேலதிகாரி என்று யாரும் இல்லையே. பழைய சீனியரிடம் வாங்குவதைவிட, கட்சிக்காரராக இருந்த ஒரு கம்பெனியின் நிதி அல்லது நிர்வாகத் தலைவரிடம் வாங்குவது மேல். நீங்கள் வியாபாரத்தைப் புரிந்துகொண்டு ஆலோசனை சொன்னீர்களா என்பதை அவரால் சொல்ல முடியும்.

பார் கவுன்சில் விஷயத்தையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய பார் கவுன்சிலின் 49ஆவது விதிப்படி, முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்ததும் உங்கள் பெயர் பதிவாகியுள்ள மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்த வேண்டும். சொந்தமாக வியாபாரம் நடத்துவதற்கும் 47ஆவது விதி தடை போடுகிறது. கையில் இருக்கும் வழக்குகளை யாரிடம் ஒப்படைப்பது என்று வகுப்பு தொடங்கும் முன்பே கட்சிக்காரர்களிடம் பேசி முடித்துவிடுங்கள்.