ஒரே சர்வர்ல மூணு சைட் போடுறவங்க, டேட்டாபேஸ் லாகின் என்னன்னு கேட்டுட்டு மீதிப் பணத்தைக் குடுங்க

திருப்பூர்ல பனியன் ஹோல்சேல் பண்றேங்க. போன வருஷம் ஒருத்தர்கிட்ட கடை வெப்சைட், பில்லிங், மச்சானோட டியூஷன் சென்டர் சைட் மூணையும் ஒரே சர்வர்ல ஏத்தித் தரச் சொல்லி 22,000 ரூபா குடுத்தேன். செக்யூரிட்டி எல்லாம் பக்காவா பண்ணியாச்சுங்கண்ணான்னாரு, நம்பிட்டேன்.

போன மாசம் ஒரு திங்கக்கிழமை காலைல பில் போட உக்காந்தா கஸ்டமர் லிஸ்ட் இல்ல, ஸ்டாக் இல்ல, பாக்கிக் கணக்கு இல்ல, டேட்டாபேஸ்ல ஒரே ஒரு டேபிள் இருக்கு, அதுல பிட்காயின் அனுப்பினாதான் டேட்டா கிடைக்கும்னு எழுதி வச்சிருக்கான். கை காலே ஓடல. செஞ்சு குடுத்தவருக்கு ஃபோன் போட்டா சர்வர் உங்க பேர்லதான இருக்குன்னு வச்சிட்டாரு.

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ராத்திரி பூரா உக்காந்து பார்த்தான். திருடன் வந்தது டியூஷன் சைட்ல அப்டேட் பண்ணாம கெடந்த பிளகின் (சைட்ல சேர்த்துக்கற துணை சாஃப்ட்வேர்) வழியா. அந்த சைட்டோட போயிருக்க வேண்டியது, ஆனா மூணு சைட்டோட கான்ஃபிக் ஃபைல்லயும் (டேட்டாபேஸ் லாகின் எழுதி வைக்கிற ஃபைல்) இருந்தது மைஎஸ்கியூஎல்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரோட ரூட் லாகின், அதாவது எல்லா டேட்டாபேஸையும் திறக்குற மாஸ்டர் சாவி, அதே பாஸ்வேர்டு. சர்வர்ல ஓடுற உபுண்டு லினக்ஸ்ல இப்பல்லாம் அந்த ரூட் பாஸ்வேர்டு போட்டு உள்ள வர முடியாத மாதிரிதான் வருமாம், சர்வருக்கு உள்ள லினக்ஸ் ரூட்டா இருந்தாதான் விடும், இவர் வேலை சுலபமாகட்டும்னு அதையும் மாத்தி வச்சிருக்காரு. போதாததுக்கு மைஎஸ்கியூஎல்லோட வாசலான 3306 போர்ட் வெளிய இன்டர்நெட்டுக்குத் திறந்து கெடக்கு. பேக்கப்பும் அதே சர்வர்ல, அதுவும் போச்சு.

இப்ப ஒவ்வொரு சைட்டுக்கும் தனி டேட்டாபேஸ், தனி யூசர், தனி பாஸ்வேர்டு. அந்த யூசருக்கு அவனோட டேட்டாபேஸ் மட்டும்தான் தெரியும், லோக்கல்ஹோஸ்ட்ல, அதாவது அதே சர்வருக்கு உள்ள இருந்து மட்டும்தான் வர முடியும். மைஎஸ்கியூஎல்லும் 127.0.0.1ல, அந்த சர்வரோட உள் அட்ரஸ்ல மட்டும் கேக்குது. இதோட நிறுத்திடாதீங்க, மூணு சைட்டும் ஒரே லினக்ஸ் யூசர்ல ஓடினா ஒண்ணுல புகுந்தவன் பக்கத்து சைட் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து அந்தப் பாஸ்வேர்டையும் படிச்சிடுவான், அதனால சைட்டுக்கு ஒரு லினக்ஸ் யூசர், ஒரு பிஎச்பி பூல் (சைட்டோட பிஎச்பி புரோக்ராமை அந்த யூசர் பேர்ல தனியா ஓட்டுறது)னு பிரிச்சாச்சு. தம்பிக்கு இதுக்கு ஒரு ராத்திரிதான் ஆச்சு, அதை நெனச்சாதான் வயிறு எரியுது.

உங்க ஆளை உக்கார வச்சு ஒவ்வொரு சைட் யூசருக்கும் ஷோ கிராண்ட்ஸ் (SHOW GRANTS, அந்த லாகினுக்கு என்னென்ன உரிமை இருக்குன்னு காட்டுற மைஎஸ்கியூஎல் கமாண்ட்) போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஆன் (ON)-னு ஒரு வார்த்தை வரும், அதுக்குப் பக்கத்துல ஸ்டார் புள்ளி ஸ்டார் (*.*)னு இருந்து, முன்னாடி ஆல் பிரிவிலேஜஸ்னோ, செலக்ட், இன்சர்ட், டிராப்னு நீளமான லிஸ்ட்டாவோ இருந்தா எல்லா டேட்டாபேஸும் அந்த ஒரு லாகின் கையிலன்னு அர்த்தம். அந்த இடத்துல வெறும் யூசேஜ் (USAGE)னு இருந்தா பயமில்ல, அந்த வரில லாகின் பண்றதைத் தவிர வேற உரிமை இல்லன்னு அர்த்தம். ரூட்தான் போட்டிருக்கேன், சின்ன சைட்தானேன்னு சொன்னா மீதிப் பணத்தைக் குடுக்காதீங்க.

ஆபீஸ் லேப்டாப்ல 11 நாளுக்கு முந்தின எக்ஸ்போர்ட் ஒண்ணு இருந்துச்சு, அதை வச்சுத்தான் ஓட்டுறேன். நடுவுல போன பில்லுக்கெல்லாம் பார்ட்டிங்களுக்கு ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டுக் கேட்டுட்டு இருக்கேன், ரெண்டு பேர் பாக்கியே இல்லைங்கறாங்க.