முகம் வீங்கிய குட்டியும் மூடிக் கிடந்த எட்டு நாளும்

ஏப்ரல் 12 காலையில் செவலையால் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. முந்தின இரவு என் செருப்பைக் கவ்விக்கொண்டு வீடெங்கும் ஓடிய நாய்க்குட்டி அது. விடிந்தபோது அத்தை வீட்டுத் திண்ணையோரம் சுருண்டு கிடந்தது. மேலுதடு தடித்து, மூக்கின் இரு பக்கமும் புடைத்து, முகமே மாறிப்போயிருந்தது. ஏழு வாரக் குட்டி. கூடப் பிறந்த மூன்றும் தாயிடம் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருக்க, இது மட்டும் எழவில்லை.

"குளவி கொட்டியிருக்கும்" என்றார் மாமா. "உடம்புச் சூடு" என்றார் அத்தை. கல்லை எடுத்து வைத்து, பர்மாவில் சந்தனம்போல் முகத்தில் பூசும் தனக்கா என்ற மரக்கட்டையைத் தண்ணீர் விட்டு உரைத்து, பள்ளிக்கூடம் போகுமுன் எங்கள் கன்னத்தில் பூசிவிட்ட அதே விரலால் குட்டியின் முகத்திலும் பூசிவிட்டார். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசனை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தை பூசியதைத் துடைக்க மனம் வரவில்லை.

ஊர் பர்மாவின் சிரியம், இரங்கூனிலிருந்து பாலம் தாண்டினால் வரும். தான்லின் என்று பெயர் மாறி எத்தனை காலமானாலும் எங்கள் வீட்டில் அது சிரியம்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த விமானம், பாலத்து நெரிசல், அங்குள்ள பீலிக்கான் முனீஸ்வரருக்கு உடைத்த தேங்காய் எல்லாம் வழக்கம்போல்தான். அவற்றில் ஒரு குறையும் இல்லை.

மாலைக்குள் உதட்டோரம் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பின. ஒன்று உடைந்து சீழ் வந்தது. குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு சைக்கா என்ற மிதிவண்டி ரிக்சாவில் ஏறி, சந்தைப் பக்கம் கால்நடை மருந்து விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். மறுநாள் திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, தொடங்குகிறது. கடைக்காரர் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். கூடைக்குள் அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கை தூரத்தில் நின்றபடியே "சொறி" என்றார். அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை வெட்டிக் கொடுத்தார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அடுத்து ஒரு சிரிஞ்சில் ஏதோ மருந்தை ஏற்றினார். என்ன மருந்து என்று கேட்டேன். "பூச்சிக்கு" என்றார். குட்டியின் எடையைக் கேட்கவில்லை, வயதைக் கேட்கவில்லை. அளவு எப்படித் தெரியும் என்றதற்கு, நாற்பது ஆண்டுகளாகப் போடுகிறேன் என்று பதில் வந்தது.

ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையை மட்டும் வாங்கி வந்தேன். அதையும் வாங்கியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் என் அடுக்குமாடி வீட்டிலும் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. கலப்பின நாய்களை வீடமைப்பு வாரிய வீடுகளில் வளர்க்க 2012இல் வந்த திட்டத்தின் கீழ் தத்தெடுத்தது. அது முதல்முறை காதைச் சொறிந்தபோது, மருத்துவர் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயே திறந்தார். மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் கைக்கு வராது. அந்த ஒழுங்கு பழகிவிட்டதால், வெட்டிய அட்டைத் துண்டைக் கையில் பிடித்து நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பிறகு திஞ்சான். திஞ்சானில் ஏறக்குறைய எல்லாமே மூடிக் கிடக்கும். தெருமுனையில் பிள்ளைகள் வாளியோடு நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி வெல்லம் வைத்து உருட்டிய மோன்லோன்யேபோ என்ற அரிசிமாவுக் கொழுக்கட்டையை வாழையிலையில் கொண்டுவந்தார். நம் சித்திரைப் பிறப்பும் அந்த நாள்களுக்குள்தான் வருகிறது. அத்தை மாங்காய்ப் பச்சடி செய்தார். இதற்காகத்தான் டிக்கெட் எடுத்து வந்தேன். ஆனால் கையில் தொலைபேசியோடு, இரங்கூனில் எந்த விலங்கு மருத்துவமனையாவது எடுக்காதா என்று எண் எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தேன். யாரும் எடுக்கவில்லை. ஒரு நாட்டின் மருத்துவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஊருக்குப் போய்விடலாமா? நோய் நாள் பார்த்தா வருகிறது?

இதற்குள் கொப்புளங்கள் உடைந்து முகமெல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. தனக்காவும் சீழும் சேர்ந்து இறுகி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. காது மடலின் உட்புறம் ஈரமாகக் கசிந்தது. தாடைக்கடியில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. வெங்காயம் சேர்க்காமல் கோழியை வேகவைத்து, அந்தச் சாற்றை மருந்துக் குழலால் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். மாத்திரை நான்கும் தீர்ந்தன. ஒரு மாற்றமும் இல்லை.

ஏப்ரல் 20 அன்று இரங்கூனில் ஒரு சிறு மருத்துவமனையில் தொலைபேசியை எடுத்தார்கள். பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. வெயில் கொளுத்துகிறது, மின்விசிறி நிற்கிறது, இவர்கள் என்ன பார்க்கப் போகிறார்கள் என்று நம்பிக்கையற்றுத்தான் உட்கார்ந்தேன்.

மருத்துவர் இளம்பெண். ஏசின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெண் மருத்துவரை அங்கே அழைக்கிற வழக்கப்படி சயாமா என்றே சொல்கிறேன். முதலில் குட்டியைத் தராசில் வைத்தார்: 2.5 கிலோ. பிறகு வெதுவெதுப்பான உப்புநீரில் பஞ்சை நனைத்து, பொருக்கின் மேல் ஒற்றி ஒற்றி ஊறவைத்து, தானாகக் கழன்றதை மட்டும் எடுத்தார். மொட்டைக் கத்தியால் மூன்று இடங்களில், தோலைச் சற்றே பிதுக்கி, இலேசாக இரத்தம் கசியும்வரை சுரண்டினார். எண்ணெய்த் துளியில் அதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பினார். மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போனார். அடியில் கண்ணாடி பொருத்திய பழைய மைக்ராஸ்கோப், மின்விளக்கு வேண்டாம். சன்னல் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடியில் பிடித்து, திருப்பித் திருப்பி, பொறுமையாகப் பார்த்தார்.

டெமோடெக்ஸ் என்ற பூச்சியைத் தேடினார். தாயிடம் பால் குடிக்கும் முதல் சில நாள்களிலேயே அது குட்டியின் தோலுக்கு வந்துவிடும்; முடிக்கால்களில் வாழும். இந்தக் குட்டியிடம் ஒன்றும் இல்லை. படர்தாமரையா என்று அறிய முடியைப் பிடுங்கிப் பார்த்தார். கடைசியாக, உடையாத ஒரு கொப்புளத்தை ஊசிமுனையால் திறந்து, சீழைத் தகட்டில் ஒற்றிச் சாயமேற்றினார். "வந்து பாருங்கள்" என்று என்னையும் அழைத்தார். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஊதா நிறத்தில் நெருங்கிக் கிடந்த அணுக்கள். "இவ்வளவு சீழ் இருக்கிறது. ஆனால் ஒரு கிருமி இல்லை" என்றார். தாடைக்கடியில் தொட்டுப் பார்த்து, அந்தக் கட்டிகள் நெறி கட்டியவை என்றார்.

ஜுவனைல் செல்லுலைட்டிஸ் என்பது நோயின் பெயர். தாடைக்கடியில் நெறி வீங்கித் தொண்டையை அடைப்பதால் பப்பி ஸ்ட்ராங்கிள்ஸ் என்றும் சொல்வார்களாம். மூன்று வாரத்திலிருந்து நான்கு மாதம் வரையுள்ள குட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். ஒரே ஈற்றில் ஒன்றுக்கும் வரலாம், இரண்டு மூன்றுக்கும் வரலாம். தொற்று அன்று, குட்டியின் உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியே அதன் தோலைத் தாக்குகிறது என்று கருதுகிறார்கள். ஆன்டிபயாடிக் மட்டும் எத்தனை அட்டை கொடுத்தாலும் ஆறாது. அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வேண்டும்.

இதை அவர் சொன்ன பிறகுதான் மூன்று இடங்களில் ஏன் சுரண்டினார் என்று புரிந்தது. முகத்தில் இருப்பது டெமோடெக்ஸாகவோ படர்தாமரையாகவோ இருந்து, தெரியாமல் அதே பிரெட்னிசோலோனைக் கொடுத்திருந்தால் நோய் இன்னும் பரவியிருக்கும். ஒரு நோயின் மருந்து மற்றதன் தீனி. தூர நின்று பார்த்தால் மூன்றும் ஒரே முகம்தான். அந்தக் கடைக்காரரின் "சொறி" என்ற ஒற்றைச் சொல் அப்போது என் காதில் மறுபடி விழுந்தது.

கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் நாளைக்கு 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, வயிற்றில் உணவு இருக்கும்போது. முகம் தெளிந்ததும் திடீரென்று நிறுத்தக் கூடாது, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். உடைந்த புண்ணில் பிறகு கிருமி ஏறியிருந்ததால் காதுக்கும் வாய்க்கும் தனியே ஆன்டிபயாடிக். இந்த முறை பெயரும் தேதியும் உள்ள முழு அட்டை. கொப்புளத்தைப் பிதுக்கக் கூடாது, பிதுக்கினால் தழும்பு பெரிதாகும். இந்த மருந்து முடியும்வரை தடுப்பூசி வேண்டாம். இவ்வளவையும் ஒரு தாளில் பர்மிய மொழியில் எழுதி, நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கண்டு, மறுபடி வாய்மொழியாகவும் சொன்னார்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் என் நாய்க்கு இவ்வளவு நேரம் யாரும் கொடுத்ததில்லை. அங்கே பதினைந்து நிமிடத்தில் அடுத்தவரை அழைத்துவிடுவார்கள், கட்டணமும் பரிசோதனைக்குப் பரிசோதனை ஏறும். சயாமா வாங்கிய தொகை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூடுதலாக நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட ஒருவரைச் சன்னல் வெயிலில் நோய் பார்க்க வைத்திருக்கிறோமே என்ற ஆத்திரம் பாலம் தாண்டும்வரை எனக்கு அடங்கவில்லை.

கூட வந்திருந்த அத்தை கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் தனக்கா பூசியதால்தான் இப்படி ஆயிற்றா, சயாமா?" அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லை, அம்மா. புண் மேல் எதைப் பூசினாலும் அடியில் நடப்பது தெரியாமல் போகும். புண் ஆறட்டும்."

மூன்றாம் நாள் கண் திறந்தது. ஐந்தாம் நாள் தட்டில் வைத்த கோழியைத் தானே தின்றது. 26ஆம் தேதி நான் விமானம் ஏறினேன். மற்ற மூன்று குட்டிகளுக்கும் ஒன்றும் வரவில்லை.

இப்போது ஜூன். மாத்திரை எல்லாம் முடிந்துவிட்டது, தடுப்பூசியும் போட்டாயிற்று. நேற்று மாமா அனுப்பிய படத்தில் செவலை வாசற்படியில் நிற்கிறது. மேலுதட்டின் இடப்பக்கம் விரல்நக அளவுக்கு முடி இல்லை. அங்கே இனி முளைக்காது என்று சயாமா முன்பே சொல்லியிருந்தார். அந்த எட்டு நாள் வீணாகாதிருந்தால் அந்தத் தழும்பு இல்லாமலே போயிருக்குமோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பின் மேல் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அத்தை தனக்கா பூசியிருக்கிறார்.