பாட்டியின் இசைத்தட்டும் அவென்யூ ரோடு சந்துக்கடையும்

பெங்களூர் அவென்யூ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற துக்கடாக் கடை. பழைய இசைத்தட்டுப் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்கள், தட்டுக்கு 400 ரூபாய். அல்சூர் வீட்டில் பாட்டி பழம்புடவையில் சுற்றி வைத்திருந்த கே.பி. சுந்தராம்பாள் தட்டைக் கொண்டுபோனேன். பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம், லேபிள் பாதி உரிந்துபோனது.

கடைத் தம்பி முதல் காரியமாக முள்ளை மாற்றினார், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இந்தப் பழைய தட்டின் பள்ளம் அகலம், பின்னால் வந்த எல்.பி. என்கிற நெடுந்தட்டுக்கான முள் சரிப்படாது என்றார். அப்போதே நம்பிக்கை வந்தது. ஆனால் பாட்டு ஓடத் தொடங்கியதும் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்டது. கொடுமுடியில் பிறந்து, சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கி, அப்புறம் மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல், எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் மெலியாதே. "வேகம் ஜாஸ்தியோ தம்பி?" என்றேன். "78னு பேருதான் சார், தட்டுக்குத் தட்டு முன்னே பின்னே இருக்கும்" என்று குமிழைத் துளித்துளியாகத் திருகினார். ஓர் இடத்தில் அந்தம்மா வந்து உட்கார்ந்தார்.

தம்பிக்கு அவரை 'திருவிளையாடல்' ஔவையாராக மட்டும்தான் தெரியும். கணவர் கிட்டப்பா 1933-ல் சின்ன வயதிலேயே போனதும் வெள்ளைப் புடவைக்கு மாறி, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டவர், 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் தானே நந்தனாராக வேஷம் கட்டினார், அதுவும் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு என்றதும், "அந்தக் காலத்து லட்சமா!" என்று குமிழை விட்டுவிட்டார்.

குறை ஒன்றுண்டு. கேட்காமலேயே இரைச்சலை நீக்கிக் கொடுத்தார்கள். வீட்டில் போட்டால் கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, 'ச'வும் 'ஸ'வும் மழுங்கி, சங்கதியின் கூர் எல்லாம் போச்சு. திரும்பப் போய்க் கேட்டதும் முகம் சுளிக்காமல் மூலப் பதிவைக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பொரிகிற சத்தம் இருக்கட்டும், அதற்குள்தான் அவர் முழுசாக இருக்கிறார்.

போகிறவர்கள் முதலிலேயே 'சுத்தம் பண்ணாதீங்க' என்று சொல்லிவிடுங்கள். வண்டி நிறுத்த இடமே இல்லை, மெட்ரோவில் போங்கள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு.