எக்ஸ்சேஞ்சில் பழைய ஐபோன் வாங்குவோர் கவனத்துக்கு: மார்த்தாண்டத்தில் நாங்கள் ஏமாற்றப்பட்ட விவரம்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதியிலுள்ள ஒரு செல்போன் கடையில், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த எங்கள் ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்து, அதற்கு மேல் பணமும் கட்டி, செகண்ட்ஸ் ஐபோன் 12 ஒன்றை வாங்கினோம். பண்டிகைக் காலம் வந்தால் களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை இத்தகைய எக்ஸ்சேஞ்ச் பலகைகள் முளைத்துவிடுவதால், எங்களுக்கு நேர்ந்ததை முழுமையாக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எனக்கு ஆண்ட்ராய்டுதான் பிடிக்கும். கோப்புகளை நினைத்த இடத்துக்கு மாற்றுவதும், கிடைக்கிற சார்ஜரில் சார்ஜ் போடுவதும், மெமரி கார்டு செருகுவதும் எனக்குப் பழகிப்போன வசதிகள். நர்சிங் படிக்கும் என் மகளுக்கோ ஐபோனின் கேமராவும், அது வருடக்கணக்கில் சுணங்காமல் ஓடுவதும்தான் முக்கியம். இரண்டு விருப்பங்களிலும் நியாயம் உண்டு. கடைக்காரர் இந்த வாதத்தைத்தான் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். "சாரே, ஆண்ட்ராய்டு ரெண்டு வருஷத்துல அப்டேட் நின்னுரும், ஐபோன்னா ஏழு வருஷத்துக்கு அசையாது" என்று ஆரம்பித்து, எது சிறந்தது என்ற பேச்சிலேயே எங்களை நிறுத்திவைத்தார். கையிலிருந்த அந்தக் குறிப்பிட்ட போன் எப்படிப்பட்டது என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு மறுபடியும் ஐபோனின் பெருமைக்கே திரும்பியது.

அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி பழங்கதை. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்துவிட்டன. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களுக்கு இன்னும் அந்த அளவு கிடைப்பதில்லை என்பதும் சரிதான். ஐபோனுக்கு நெடுங்காலம் அப்டேட் வருவது மெய். ஆனால் அந்த வருடங்கள் போன் வெளியான நாளிலிருந்து கணக்காகுமே தவிர, நாம் வாங்கும் நாளிலிருந்து அல்ல. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஆகியவற்றுக்கு, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பான ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. ஐபோன் 12 வெளிவந்தது 2020இல். அதை இன்று வாங்குபவருக்கு ஏழு வருடம் என்று சொல்வது பொய்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. பேட்டரியின் திறன் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று சொல்லும் பேட்டரி ஹெல்த் 100 சதவீதம் காட்டியது. ஆறு மாதமே பயன்படுத்திய ஒரிஜினல் பீஸ் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டியிருந்தார்கள். செட்டிங்ஸில் ஜெனரல், பிறகு அபவுட் என்று போனால் உதிரிபாகங்களின் வரலாறு என்ற பகுதி வரும். ஐஓஎஸ் 15.2 முதல் இந்த வசதி இருக்கிறது. அதில் டிஸ்ப்ளே, பேட்டரி இரண்டுக்கும் நேராக "அடையாளம் தெரியாத பாகம்" என்ற பொருளில் எச்சரிக்கை இருந்தது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தைச் சரிசெய்யும் ட்ரூ டோன் வசதிக்கு டிஸ்ப்ளே செட்டிங்கில் இருக்க வேண்டிய பொத்தானே இல்லை. சிம் ட்ரேயை வெளியே இழுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய சிறு பட்டை செக்கச்சிவந்திருந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்பதற்கு ஆப்பிள் வைத்திருக்கும் அடையாளம் அது. கடலோரத்தில் வாழும் நாம், தண்ணீர் எளிதில் புகாது என்ற காரணத்துக்காகவும் இதற்கு அதிக விலை கொடுக்கிறோம். கண்ட இடத்தில் திறந்து ஒட்டப்பட்ட போனில் அந்தப் பாதுகாப்பை நம்பவே முடியாது. *#06# போட்டபோது வந்த ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணும் வேறுவேறாக இருந்தன.

இவற்றையெல்லாம்விடக் கொடுமையானது ஆப்பிள் ஐடி, அதாவது ஐபோன் யாருடையது என்று பதிவாகும் ஆப்பிள் கணக்கு. ஆப்களை எல்லாம் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லி, கடையிலேயே வேறொரு ஐடியில் போனைத் திறந்து கொடுத்திருந்தார்கள். மகள் அதை நீக்க முயன்றபோது அந்த ஐடியின் பாஸ்வேர்டைக் கேட்டது. கடையில் கேட்டால், அது முன்பு வைத்திருந்தவருடையது, அவர் வளைகுடாவில் இருக்கிறார் என்றார்கள். திருட்டைத் தடுப்பதற்காக 2013இல் ஐஓஎஸ் 7உடன் ஆப்பிள் கொண்டுவந்த பூட்டு இது. ஆண்ட்ராய்டிலும் 2015 முதல் இதுபோன்ற ஒன்று உண்டு. ரீசெட் செய்தால் போன் பழைய உரிமையாளரின் ஐடியைக் கேட்டு நின்றுவிடும். ரீசெட் செய்யாவிட்டால் நம் போன் இருக்கும் இடத்தை இன்னொருவர் பார்க்க முடியும், தொலைவிலிருந்தே முடக்கவும் முடியும். பழைய ஆண்ட்ராய்டு போனைக் கடையிலேயே அழித்துவிட்டதால் என் மகளின் வாட்ஸ்அப் உரையாடல்களும் போயின. கூகுள் டிரைவில் இருக்கும் நகலை ஐபோனில் மீட்க முடியாது. இரண்டு போன்களும் கையில் இருக்கும்போது, புதிதாகத் திறக்கப்படும் ஐபோனுக்கு மாற்றித்தர ஆப்பிளின் ஆப் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த மோசடியை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது ஐபோன்தான். ஆண்ட்ராய்டு போன்களில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வசதியை நான் பார்த்ததில்லை.

ஜிஎஸ்டி பில்லை மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னவர்கள் கடைசிவரை அனுப்பவில்லை; கையில் இருந்தது ஐஎம்இஐ இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டு மட்டுமே. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற பலகையைக் காட்டினார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் காலவரம்பு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பக் கொடுக்கலாம். இதைச் சொன்ன பிறகு வேறொரு பழைய ஐபோன் தருவதாக இறங்கி வந்தார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். அதிலும் தீராததால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே போல் ஏமாந்தவர்கள் சீட்டையும், கடையுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். வாங்கப்போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே போனை ரீசெட் செய்யச் சொல்லி, அது எந்தப் பழைய ஐடியையும் கேட்காமல் உங்கள் ஐடியில் திறப்பதைப் பாருங்கள். KYM என்று எழுதி இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். ஆணையத்தின் உத்தரவு வந்ததும் அந்த விவரத்தையும் எழுதுகிறேன்.