அலாரத்தை ஊமையாக்கிக் கொடுத்த டயர் கடை: மலையகத்தில் கார் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

பழைய காருக்கு டயர் பிரஷர் மானிட்டர் (டயரில் காற்று குறைந்தால் அலாரம் அடிக்கும் கருவி) பூட்ட நினைக்கிறவர்கள், முக்கியமாக நுவரெலியா, நானுஓயா, ஹப்புத்தளை மாதிரி உயரமான இடங்களில் இருக்கிறவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஒரு டவுனில் உள்ள டயர் கடையில் எனக்கு நடந்தது இது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் அடுத்த கடையில் நீங்கள் தப்பலாம்.

என்னிடம் இருப்பது கொரோலா 110. 2020இல் கார் இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் இருக்கிற காரையே பத்திரமாக ஓட்டலாம் என்று முடிவு. அமெரிக்காவில் 2007 செப்டெம்பரிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் புதுக் கார் எல்லாவற்றுக்கும் இந்த மானிட்டர் கட்டாயம். தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் காரில் அதெல்லாம் கிடையாது, வெளியில் வாங்கித்தான் பூட்ட வேண்டும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்குகிற ரோட்டில் ஒரு டயர் மெல்லக் காற்று இறங்கினால், அது ஸ்டீயரிங்கில் தெரிவதற்குள் எத்தனையோ வளைவு தாண்டிவிடும். எனக்கு இது ஆடம்பரமாகத் தோன்றவில்லை.

கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகுவது. மற்றது, டயரைக் கழற்றி ரிம்முக்கு உள்ளே வால்வோடு சேர்த்துப் பூட்டுவது. முதலாளி இரண்டாவதைத்தான் தள்ளினார். "வெளிய பூட்டுனா களவு போயிரும் தம்பி. உள்ளுக்குப் போடுங்க, அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்ல." அவர் சொன்னதில் பொய் இல்லை. உள்ளே பூட்டும் சென்சரின் பேட்டரியை மாற்ற முடியாது, ஆனால் நல்ல சாமான் என்றால் அந்தளவுக்கு உழைக்கும். நாலு சென்சர், நாலு புது மெட்டல் வால்வு, டேஷ்போர்டில் ஒட்டும் சோலார் திரை, வீல் பேலன்ஸ், எல்லாம் சேர்த்து 34,000 ரூபா. பில் கேட்டேன். 'டயர் வேலை' என்று இரண்டே சொல் எழுதிய துண்டு ஒன்று கிடைத்தது. சாமான் பெயரும் இல்லை, கேரண்டியும் இல்லை.

அடுத்த நாள் விடியற்காலையிலேயே மானிட்டர் கத்தத் தொடங்கியது. நாலு டயருமே 26 PSIக்குக் கீழே என்றது திரை (இனி வரும் அழுத்த எண்களும் 'புள்ளி'யும் PSIதான்). அலாரத்தைக் கடையில் 26இல் வைத்திருந்தார்கள். என் கையிலிருந்த, காற்று அளக்கும் சாதாரண கேஜைப் போட்டுப் பார்த்தால் 28க்கு மேல். வெயில் வந்ததும் கேஜில் 30, திரையில் 27.

காரைத் திருப்பிக் கொண்டுபோனேன். முதலாளியே அவர் கேஜைப் போட்டுப் பார்த்தார், அதுவும் 30தான் காட்டியது. "கேஜ் பிழைக்கும் தம்பி, இது டிஜிட்டல்" என்றார். வால்வில் லீக் என்று சொல்லி நாலு வால்வையும் 'மாற்றி' 6,000 ரூபா வாங்கினார்கள். மறுபடி அதே கதை. இந்த முறை ரிம்மில் துரு, அதனால் காற்று போகிறது என்று ரிம்மைச் சுரண்டியதற்கு இன்னொரு தொகை. நாலு டயரும் ஒரே அளவாக, அதுவும் சரியாக மூன்று புள்ளி மட்டும் லீக் ஆகி, அதோடு நின்றுவிடுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

உண்மையில் லீக்கே இல்லை. இப்படிப்பட்ட சென்சர்கள் பல, டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அளக்கின்றன. அதிலிருந்து கடல் மட்டத்துக் காற்றழுத்தமான 14.7ஐக் கழித்து மிச்சத்தைத் திரையில் காட்டுகின்றன. கொழும்பில் கணக்குச் சரியாக வரும். நுவரெலியா இருப்பது கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில், இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே 12க்கு உள்ளேதான். கழிக்க வேண்டியதைவிட மூன்று புள்ளி கூடுதலாகக் கழிக்கிறது, அதனால் 30 இருக்கும் டயரை 27 என்கிறது. கையால் அழுத்திப் பார்க்கும் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவதால் அதில் இந்தக் கோளாறு வராது. போதாததற்கு, வெப்பநிலை ஆறு பாகை இறங்கினால் டயரில் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். ஜனவரியில் புல்லில் பனி உறைகிற ஊரில் விடியற்காலையில் அலாரம் அடிக்காமல் என்ன செய்யும்?

இது அந்த முதலாளிக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிவந்து விற்கிற சாமான், பெட்டியில் உயரத்தைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை. அதுவரைக்கும் அவரை மன்னிக்கலாம். அதற்குப் பிறகு செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

திரும்பவும் போய் நின்றபோது, திரையில் ஒரு 'செட்டிங்' மாறியிருக்கிறது, சரிசெய்து தருகிறோம் என்று உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து ஒட்டினார்கள். அதோடு சத்தம் நின்றுவிட்டது. அதற்கும் காசு வாங்கினார்கள்.

பிறகு ஒரு மழை நாளில், அவிசாவளைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறேன். கித்துல்கலை தாண்டியதும் பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹோன் அடித்து, பக்கத்தில் வந்து, கையால் பின் டயரைக் காட்டினார். ஓரங்கட்டி இறங்கினால் இடது பின் டயர் காற்று இறங்கி நசுங்கியிருந்தது. ஆணி ஏறியிருந்தது. திரையைப் பார்த்தேன்: 17. அழகாக 17 என்று எழுதிக்கொண்டு சத்தமே இல்லாமல் இருக்கிறது. அந்த ரோட்டில், அந்த மழையில், யார் கண்ணைத் திருப்பி டேஷ்போர்டின் மூலையில் இருக்கும் குட்டி எண்ணைப் பார்ப்பார்? கத்துவதற்காகத்தானே அதை வாங்கினோம்.

மெனுவைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குறைந்த அழுத்த எல்லையை 26இலிருந்து 15க்கு இறக்கிவைத்திருக்கிறார்கள். 15 என்றால் டயர் செத்த பிறகு அழுகிற அலாரம். அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அளவிலிருந்து கால்வாசி குறைந்தாலே எச்சரிக்க வேண்டும், அதாவது 30க்கு 22, 23இல். இவர்கள் பாதி காற்று போகும்வரை வாயை மூடிவிட்டார்கள். வாடிக்கையாளர் தொந்தரவு இனி வராது, அவ்வளவுதான் அவர்களுக்கு.

ஸ்பேர் வீலைப் போட்டுக்கொண்டு அவிசாவளையில் ஒரு கடையில் டயரைக் கழற்றினோம். காற்று குறைந்து ஓடியதில் டயரின் உள்பக்கம் தூளாக உதிர்ந்திருந்தது, அது குப்பைக்குத்தான். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் சென்சரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். புது வால்வு என்று இரண்டு தரம் காசு வாங்கிய இடத்தில், வெள்ளைப் பொடி பூத்த பழைய அலுமினிய வால்வு. ரப்பர் வாஷர் நசுங்கித் தட்டையாகி இருந்தது. சில மாதத்தில் அப்படி ஆகாது. முதலிலேயே எங்கோ கழற்றிய சாமானைத்தான் எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

பேலன்ஸும் செய்யவில்லை. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 80ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கியது. நம் பக்கத்து ரோட்டில் அந்த வேகத்துக்கு யாரும் போவதில்லை, அதனால் மலையகத்தில் ஒரு கடை பேலன்ஸ் காசை வாங்கிவிட்டு வேலையைச் செய்யாமல் விட்டாலும் நெடுநாளைக்கு வெளியே தெரியாது. டயரைக் கழற்றிப் பூட்டினால் நாலு வீலும் மெஷினில் ஏறுவதை நின்று பாருங்கள்.

இன்னொரு விஷயமும் அங்கே தெரியவந்தது. அவிசாவளையில் மற்ற டயர்களில் கேஜைப் போட்டால், கேஜும் திரையும் ஒரே எண்ணைக் காட்டின. கீழே ஒத்துப்போய் மேலே மூன்று புள்ளி வித்தியாசம் வந்தால் அது லீக் இல்லை, உயரம். இதை யாராவது உங்களிடம் வால்வு கோளாறு, ரிம் கோளாறு என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திரையில் 30 காட்டட்டும் என்று கூடுதலாகக் காற்றையும் அடிக்காதீர்கள், உண்மையில் டயரில் 33 ஏறிவிடும்.

வெளியே திருகும் வகைதான் போடப்போகிறீர்கள் என்றால், பழைய காரின் ரப்பர் வால்வில் அதை அப்படியே பூட்டவிடாதீர்கள். சுற்றும்போது அந்தப் பாரம் வால்வின் அடியை வளைத்து வளைத்து வெடிப்பு விழவைக்கும். முதலில் மெட்டல் வால்வு, பிறகு சென்சர், பிறகு சவர்க்கார நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது.

எந்த வகையானாலும் காசு கொடுக்கும் முன் கடை வாசலிலேயே ஒரு டயரிலிருந்து காற்றை இறக்கச் சொல்லுங்கள், எந்த எண்ணில் கத்துகிறது என்று பாருங்கள். நான் இப்போது எல்லையை 23இல் வைத்திருக்கிறேன். நுவரெலியாவில் திரை 23 என்றால் உண்மையில் 26, கொழும்பில் 23 என்றால் 23. விடியற்காலை வீண் சத்தமும் இல்லை.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். "எலெக்ட்ரானிக் சாமானுக்கு நாங்க பொறுப்பில்ல தம்பி" என்று முடித்துக்கொண்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் பேசிச் சரிக்கட்டலாம் என்று நாளை இழுக்காதீர்கள். அழைக்க வேண்டிய எண் 1977. 'டயர் வேலை' என்ற துண்டு, பழைய வால்வுகள், மெனுவில் 15 தெரியும் போட்டோ, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். பழைய வால்வை எறியாமல் வாங்கிவைத்தது அந்த அவிசாவளை பாஸ் சொன்ன யோசனை. விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் என்ன நடந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.