ஆய்வாளர் விவரத்தாள் தயாரித்துத் தரும் கடை: பழைய வண்ணாரப்பேட்டை

பதவி உயர்வு விண்ணப்பத்தோடு என் ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற விவரங்களையும் இணைக்க வேண்டியிருந்ததால், பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்த வேலையைச் செய்து தரும் ஒரு கணினி மையத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். இணையத்தில் கட்டுரைப் பட்டியலைத் திரட்டுவது, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்சிட் எண்ணை வாங்கித் தருவது, எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சிடுவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 600 ரூபாய் வாங்கினார்கள்.

முதலில் வந்த தாளில் 19 கட்டுரைகளும், ஹெச்-இண்டெக்ஸ் 9 என்றும் (அதாவது ஒன்பது கட்டுரைகள் தலா ஒன்பது மேற்கோளாவது பெற்றிருக்கின்றன என்று) இருந்தன. நான் எழுதியவை ஏழுதான். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வழங்கும் நம் பெயர்கள் பலருக்கும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், வேறு யாருடைய உழைப்போ என் கணக்கில் சேர்ந்திருந்தது. கடையில் இருந்த தம்பி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக என்னிடம் காட்டி நீக்கினார். "நம்பர் குறைஞ்சிடுமே மேடம், பரவாயில்லையா?" என்று அக்கறையோடு கேட்டார். அந்தப் பொறுமைக்கே கொடுத்த பணம் தகும்.

குறை, தாளின் அமைப்பில் இருக்கிறது. என் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்கள் முறையே 31, 12, 7, 5, 3, 1, 0. நான்கு கட்டுரைகள் தலா நான்கு மேற்கோளுக்குக் குறையாமல் பெற்றிருப்பதால் ஹெச்-இண்டெக்ஸ் 4. அதைத்தான் உச்சியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். 31 பெற்றது, பலர் சேர்ந்து எழுதிய தொகுப்புக் கட்டுரை. அதில் என் பங்கு ஒரு பகுதி மட்டுமே. எண்ணூர் கழிமுகத்தில் இரண்டு ஆண்டுகள் படகில் சென்று நீர் மாதிரி எடுத்து, உலோக அளவுகளைக் கணித்து எழுதிய கட்டுரைக்கு மூன்றே மேற்கோள்கள் என்பதால், அது இந்த எண்ணுக்குள் வரவே இல்லை. இந்த அளவீட்டை 2005இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷ், ஒருவரின் பன்முகப் பணியை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே இதழின் இம்பாக்ட் ஃபாக்டரையும் அச்சிடுகிறார்கள். அது அந்த இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி; தனிக் கட்டுரையின் தரத்துக்கு அதை ஈடாகக் கொள்ளக் கூடாது என்பதற்காகவே 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் உருவானது. அந்த எண்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரையிலும் நான் செய்த வேலையை இரண்டு வரிகளில் சேர்க்கச் சொன்னேன். கூடுதல் கட்டணம் கேட்காமல் செய்து கொடுத்தார்கள்.

போகிறவர்கள் தங்கள் கட்டுரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல், எது உங்களுடையது என்று அந்தத் தம்பியால் கண்டுபிடிக்க முடியாது.