டி.எஸ்.சி. இங்கே வாங்கி வைக்கப்பட மாட்டாது: இ-கிராம் ஸ்வராஜுடன் ஐந்தரை ஆண்டுகள்

என் கடைச் சுவரில் இரண்டு அறிவிப்புகள் இருக்கின்றன. ஒன்று ஜெராக்ஸ் கட்டணம். மற்றது சிவப்பு மையில் நானே எழுதியது: ‘ஊராட்சி டி.எஸ்.சி. இங்கே வாங்கி வைக்கப்பட மாட்டாது.’ டி.எஸ்.சி. என்றால் மின்னணுக் கையெழுத்து. முதலாவதை யாரும் படிப்பதில்லை, வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். இரண்டாவதைப் படித்துச் சிரிக்காத ஊராட்சி செயலர் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால் கடை. யாரையாவது கைப்பேசியில் அழைத்தால், அவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்பதைப் பாதி நாள் மலையாளத்தில்தான் சொல்லும். ஜெராக்ஸ், தட்டச்சு, பட்டா நகல், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பில், 2020 ஊரடங்கின்போது எங்கள் ஊராட்சி செயலர் முகக்கவசத்துடன் வந்து நின்றார். “அம்மிணி, இனிமேல் திட்டம், கணக்கு, பட்டுவாடா எல்லாம் ஒரே இடத்திலாம். டெல்லியில் தொடங்கிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.”

அவர் சொன்னது இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தை. 2020 ஏப்ரல் 24, பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன் திட்டத்துக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு ஒன்று, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பதிய இன்னொன்று எனத் தனித்தனியாக இருந்தன. அவற்றை ஒன்றாக்கி, மத்திய அரசின் பட்டுவாடா முறையோடும் இணைத்திருந்தார்கள். அன்று உதவிக்கு உட்கார்ந்தவள் இன்று மூன்று ஊராட்சிகளுக்குத் திட்ட வரைவும் மானிய விண்ணப்பமும் தட்டச்சு செய்து தருகிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு மை. பணம் போக வேண்டுமானால் ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து விடுவிக்க வேண்டும். அதற்கு இருவருக்கும் தனித்தனி டி.எஸ்.சி. பார்க்கப் பென் டிரைவ் போல இருக்கும், உள்ளே இருப்பதோ ஒரு மனிதரின் கையெழுத்து. 2021-இல் ஒரு செயலர் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். தலைவர் தோப்பில் தேங்காய் போட்டுக்கொண்டிருக்கிறாராம், துணைத் தலைவர் உடுமலையில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறாராம். “நீங்களே போட்டுவிடுங்கள், கடவுச்சொல் இந்தச் சீட்டில் இருக்கிறது” என்றார். டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அன்று மாலைதான் அறிவிப்பை எழுதினேன். கூப்பிட்டு உதவி கேளுங்கள், வரைவு கேளுங்கள், கையெழுத்தை மட்டும் கடன் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு எந்தெந்த மானியம் கிடைக்கும் என்று இந்தத் தளம் காட்டும் என நான் நினைத்திருந்தேன். காட்டாது. வந்த பணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறாயா, செலவழித்தாயா, கணக்கை மூடினாயா என்று கேட்கும். அவ்வளவுதான் அதன் வேலை, அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. கணக்கை மூடுவது சும்மா சடங்கல்ல என்று புரிய இன்னும் ஓராண்டு. மத்திய அரசு தரும் 15-வது நிதிக்குழு மானியம் தொடர்ந்து வர, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் பொதுப் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கொழுத்த தேங்காய் வருமானம் உள்ள ஊராக இருந்தாலும், தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் ஊராக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

இந்த மானியத்தை அலுவலகத்தில் ‘டைடு’ (குறித்த வேலைக்கே கட்டுப்பட்டது), ‘அன்டைடு’ (கட்டுப்படாதது) என்று பிரித்துச் சொல்வார்கள். அந்த நிதிக்குழுக் காலத்தில் நூறு ரூபாய் வந்தால் அறுபது டைடு. அதில் முப்பது துப்புரவுக்கு. முப்பது குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி நாற்பதை ஊர் விருப்பம்போலச் செலவிடலாம், சம்பளத்துக்கும் அலுவலக நிர்வாகத்துக்கும் மட்டும் கூடாது. கிராம சபையில் இதை விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம். ஒவ்வொரு வார்டு உறுப்பினருக்கும் பேவர் பிளாக் சாலைதான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம். நாற்பதுக்குள் ஒன்பது வார்டின் சாலை ஆசையை அடக்க முடியாமல் செயலர் திணறுவார், அறுபது பேசாமல் கிடக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் எங்களுக்கும் அப்படித்தான் கிடந்தது.

அந்த அறுபதுதான் முதலீடு என்பது 2022-இல்தான் எனக்கு உறைத்தது. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். திடக்கழிவு மேலாண்மைக்கு, ஐயாயிரம் பேர் வரையுள்ள ஊருக்குத் தலைக்கு 60 ரூபாய் வரை, அதற்கு மேற்பட்ட ஊருக்கு 45 ரூபாய் வரை. அதில் 70 சதவீதத்தை இயக்கம் தரும், 30 சதவீதத்தை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். மூவாயிரத்து இருநூறு பேர் உள்ள ஊர் என்று வையுங்கள். 1,92,000 ரூபாய் வரை போகலாம். ஊர் போட வேண்டியது 57,600. வெளியிலிருந்து வருவது 1,34,400. கழிவுநீருக்குக் கணக்கு இன்னும் பெரியது: அதே ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய், மொத்தம் 8,96,000 வரை, ஊர்ப் பங்கு 2,68,800. வட்டமான ஒரு எண்ணைக் கற்பனையாகக் கேட்பதைவிட, தலைக்கணக்கு போட்டு, பங்குத் தொகை எந்தத் தலைப்பில் தயாராக இருக்கிறது என்று காட்டிய விண்ணப்பம் வேகமாக நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். செயலரிடம் இந்தக் கணக்கை ஒரு பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளை அவர் இன்னும் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறார்.

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பதிவிடும் பக்கமே இல்லை. யார் வேண்டுமானாலும், உள்நுழையாமலே, எந்த ஊராட்சியின் திட்டத்தையும் பார்க்கலாம். பக்கத்து ஊர் என்ன கேட்டிருக்கிறது, எந்த வேலைக்கு எந்தத் தலைப்பு, எவ்வளவு மதிப்பீடு என்று இரவில் கடை சாத்தியபின் படிக்கத் தொடங்கினேன். எங்கள் திட்டத்தில் ‘இதர பணிகள்’ என்று வெறுமனே ஒரு வரி இருந்த இடத்தில், வேறொரு மாவட்டத்து ஊர் ‘பள்ளி வளாகத்தில் மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பு’ என்று எழுதியிருந்தது. நம்முடையது எதற்கு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அவர்களுடையது பெயரிலேயே டைடு நிதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஊர்ப்பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். நம் நாட்டில் ஒரே பெயரில் எத்தனை ஊர்கள்! ஒவ்வொரு ஊராட்சிக்கும் எல்.ஜி.டி. (மத்திய அரசின் உள்ளாட்சிப் பட்டியல்) குறியீட்டு எண் உண்டு, அதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

படித்ததில் பாதியைச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாக்கப்பட்டவள், வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று இரண்டிலும் வாழ்பவள். அவளுடைய பஞ்சாயத்தின் ஆண்டுத் திட்டப் புத்தகத்தைப் போனில் எனக்கு வாசித்துச் சொல்வாள். விவசாயத்துக்கு ஒரு பணிக்குழு, பெண்களுக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று என்று 1996 மக்கள் திட்டக் காலத்திலிருந்தே அங்கே பழக்கம். “உங்கள் ஊரில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்?” என்று கேட்டாள். “ஒரு செயலர்” என்றேன். சிரித்தாள். அவள் சிரித்ததில் கோபம் வந்தது, ஆனால் கணக்கைப் பார்த்தால் வியப்பில்லை. கேரளம் முழுவதற்கும் கிராம பஞ்சாயத்துகள் 941. தமிழ்நாட்டில் நாங்கள் தொடங்கியபோது 12,525. அங்கே ஒரு பஞ்சாயத்து என்பது பல ஊர்களைச் சேர்த்த பெரிய அலுவலகம், பொறியாளர் உட்படப் பல பேர். இங்கே ஒற்றை ஆள், அவரே தெருவிளக்கு எரியவில்லை என்ற போனையும் எடுக்க வேண்டும். எது மேல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இங்கே தலைவர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அதுவும் ஒரு வசதிதான்.

இந்தத் தளத்துக்கு வெளியே இருக்கும் மானியங்களுக்கு நடைதான் வழி. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு மூன்றில் ஒன்று. அங்கன்வாடிச் சுற்றுச்சுவருக்கு ஒன்பது லட்சம் மதிப்பீடு, மூன்று லட்சத்தைத் தென்னைநார் ஆலை வைத்திருக்கும் ஒருவர் தருவதாகச் சொன்னார். மதிப்பீடு கையெழுத்தாகி வருவதற்குள் தேங்காய் விலை இறங்கிவிட்டது. அவர் மனமும் இறங்கியது. பிறகு மூன்று பேர் சேர்ந்து கட்டினார்கள். நன்கொடையாளர் கிடைத்ததும் விண்ணப்பம் எழுத உட்காராமல், மதிப்பீட்டை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் தேடியிருக்க வேண்டும். இது எங்கள் தவறு, யாரையும் குறை சொல்ல வழியில்லை.

தவறுகளைப் பேசினால் ஐ.எஃப்.எஸ்.சி. எனும் வங்கிக் கிளைக் குறியீட்டின் கதையைச் சொல்லாமல் முடியாது. 2020 ஏப்ரலில் பல பொதுத்துறை வங்கிகள் இணைந்தன. மோட்டார் பழுதுபார்த்தவரின் கணக்கு அப்படி இணைந்த வங்கி ஒன்றில். பழைய குறியீட்டையே பதிந்திருந்தோம். பணம் போகும், திரும்பும், மறுபடி போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த நாலாயிரத்துச் சொச்சத்துக்காக அவர் பதினோரு முறை என் கடைக்கு வந்தார். பிறகு என் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு கடைக்காரரின் பாஸ்புத்தக முதல் பக்கத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்கி ஒட்டுகிறேன். வேலைக்கு முன்பு, நடுவில், முடிந்தபின் எடுக்க வேண்டிய படங்களிலும் அடிபட்டோம். ‘முன்’ படம் எடுக்காமல் கான்கிரீட் கொட்டிவிட்டால், பள்ளம் இருந்ததற்குச் சாட்சி கடவுள்தான். மார்ச் கடைசி வாரத்தில் பதிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இணைப்பின் கோளாறோ நாடே ஒரே நேரத்தில் உட்காருவதோ, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2025 ஜனவரி 5-ஆம் தேதி எங்கள் மாவட்டத்துக் கிராம ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள், பழைய டி.எஸ்.சி.கள் செல்லாதவை ஆயின. 2016 முதல் 2019 வரை தேர்தல் நடக்காமல் கிடந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பதும் மானிய நிபந்தனைகளில் ஒன்று. 15-வது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் வரைதான். என் நோட்டில் அதற்குப் பின்னான பக்கங்களுக்குத் தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறேன்.

இத்தனை ஆண்டுகளில் ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது ஒரு சாக்கடை. ஒவ்வொரு அக்டோபர் 2 கிராம சபையிலும் ‘சாக்கடை அமைத்தல்’ என்று தீர்மானம் ஏறும், மதிப்பீட்டைப் பார்த்ததும் இறங்கும். 2023-இல் அக்கா வாசித்துச் சொன்ன ஒரு வரியை வைத்து அதை ‘வீட்டுக் கழிவுநீருக்குச் சமுதாய உறிஞ்சிகுழிகள் அமைத்தல்’ என்று மாற்றி எழுதினோம். தலைக்கு 280 கணக்கும் சேர்த்தோம். சாக்கடை கேட்டவர்களுக்குக் குழி கிடைக்கிறதே என்று தெருவில் முணுமுணுப்பு இருந்தது, நியாயமும் இருந்தது. நான்கில் மூன்று குழிகள் முடிந்து, குழாயடியில் இப்போது சேறில்லை. நான்காவது, ஆலைக்கு எதிரில் உள்ளது, மூன்றடி தோண்டியதும் பாறை தட்டிவிட்டது. அந்த வேலைக்கு ‘முன்’ படம் ஒன்று மட்டும் ஏறியிருக்கிறது.